நாடகத்தில் சேர்ந்த பிள்ளைகள்

போன ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. வாசல் திண்ணையில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். துறைமுகத்தில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் வந்தார். எங்கள் முத்தையாபுரத்தில் நாலு வீடு தள்ளி இருப்பவர். உட்காரச் சொன்னேன், உட்கார்ந்தார். காப்பி வந்தது; குடிக்கவில்லை. மனிதர் ஏதோ பெரிய சங்கடத்தில் இருக்கிறார் என்று புரிந்துகொண்டேன்.

"அண்ணாச்சி, ஒரு யோசனை கேக்கணும். பய நாடகத்துல சேரணும்ங்கான்."

"எந்தப் பய?"

"சின்னவன்தான். ஏழாம் வகுப்பு படிக்கான்லா? பள்ளிக்கூடத்துல நாடகக் குழுன்னு ஒண்ணு ஆரம்பிச்சிருக்காவளாம். சனிக்கிழமை சாயந்தரம் ரெண்டு மணி நேரம். 'பொழுதுபோக்குதானப்பா'ங்கான். எங்க அம்மையா, 'கூத்தாடியாப் போறதுக்கா இவனைப் பெத்தோம்'னு ராத்திரி பூரா ஒரே புலம்பல். எனக்கு ஒண்ணும் பிடிபடல. நீங்க என்ன சொல்லுதிய?"

"சேர்த்துவிடும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?" என்றேன்.

அவருக்குத் திருப்தி ஏற்படவில்லை. ஆறிப்போன காப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "உப்பளமும் துறைமுகமும்தான் நமக்குத் தெரிஞ்ச தொழில். நாடகத்துக்கும் நம்ம பக்கத்துக்கும் என்ன சம்பந்தம், சொல்லுங்க" என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அன்று அவரிடம் சொன்னதையும், பேச்சு வேகத்தில் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

தூத்துக்குடிக்கு அருகே காட்டுநாயக்கன்பட்டி என்று ஒரு சிற்றூர் உண்டு. அங்கே தாமோதரக் கணக்கப்பிள்ளை என்பவருக்கு 1867-ஆம் ஆண்டில் ஒரு மகன் பிறந்தான். தகப்பனார் தமிழ் படித்தவர். மகனுக்கும் சொல்லி வைத்தார். பிறகு பழனி தண்டபாணி சுவாமிகளிடம் பாடம். பதினாறு வயதிலேயே வெண்பாவும் கலித்துறையும் எழுத வந்துவிட்டன. ஆனால் வெண்பாவை வைத்துக்கொண்டு உலை வைக்க முடியுமா? பையன் உப்புப் பண்டகசாலையில் கணக்கு எழுதப் போனான். உப்பு மூட்டைகளை எண்ணி வரவு செலவு எழுதிய அந்தக் கைதான் பிற்பாடு வள்ளி திருமணமும் பவளக்கொடியும் எழுதியது. தமிழ் நாடக உலகின் தலைமை ஆசிரியர் என்று போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள்தாம் அந்தக் கணக்கப்பிள்ளை. இன்றும் கோயில் கொடைகளில் விடிய விடிய வள்ளி திருமணம் நடக்கிறதே, அந்தப் பாட்டுக்கெல்லாம் மூலம் உப்புக் கணக்கு எழுதிய மனிதர்தாம். நாடகத்துக்கும் நம் பக்கத்துக்கும் சம்பந்தம் இல்லையென்று இனி யாராவது சொல்ல முடியுமா?

இருபத்து நாலாவது வயதில், 1891-இல், அவர் கணக்குப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நாடகக் கம்பெனியில் சேர்ந்தார்.

இந்த 1891 என்ற ஆண்டை வாசகர்கள் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அதே ஆண்டு ஜூலை மாதம் முதல் தேதி, சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் என்ற கல்லூரி மாணவரும் அவருடைய சிநேகிதர்கள் சிலரும் கூடி 'சுகுண விலாச சபை' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். பல்லாரியிலிருந்து வந்த கிருஷ்ணமாச்சார்லுவின் தெலுங்கு நாடகங்களைப் பார்த்து, நம் பாஷையில் நாமும் இப்படிச் செய்தால் என்ன என்று அவர்களுக்கு ஆசை பிறந்தது. சபையில் சேர்ந்தவர்கள் மாணவர்கள், வக்கீல்கள், உத்தியோகஸ்தர்கள். பகலில் கோர்ட்டுக்கும் கச்சேரிக்கும் போவார்கள், மாலையில் ஒத்திகை. சத்தியமூர்த்தி போன்ற பெரிய மனிதர்கள் அந்த மேடையில் வேஷம் கட்டியிருக்கிறார்கள். சம்பந்த முதலியாரே பிற்காலத்தில் நீதிபதியாக இருந்தவர். வயிற்றுப்பாட்டுக்காக அவர்களில் ஒருவரும் நடிக்கவில்லை. 'அமெச்சூர்' என்ற வார்த்தையைப் பெருமையோடு சொல்லிக்கொண்டார்கள். கூத்தாடி என்று அவர்களைச் சொல்ல எவருக்கும் நா எழவில்லை.

ஆக, ஒரே ஆண்டில் தமிழ் நாடகத்துக்கு இரண்டு வாசல்கள் திறந்தன. பொழுதுபோக்காக வருகிறவர்களுக்கு ஒன்று. பிழைப்பாக வருகிறவர்களுக்கு ஒன்று. உப்புக் கணக்கர் நுழைந்தது இரண்டாவது வாசல். குழந்தைகள் கூட்டம் கூட்டமாக நுழைந்ததும் அந்த வாசல்தான்.

சுவாமிகள் முதலில் நடிகராகத்தான் இருந்தார். இரணியன், இராவணன், எமன், சனீசுவரன் என்று அச்சமூட்டும் வேஷங்கள். அவர் எமனாக வந்து கர்ஜித்ததைக் கேட்டுச் சபையில் இருந்த கர்ப்பிணிப் பெண் ஒருத்தியின் கர்ப்பம் கலங்கிவிட்டது என்றும், அந்த வேதனையில்தான் அவர் வேஷம் போடுவதையே விட்டார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. கதை எவ்வளவு தூரம் நிஜமோ, அவர் நடிப்பை விட்டு ஆசிரியரானது நிஜம். துறவி போல ஊர் ஊராக அலைந்ததும், அதனால் 'சுவாமிகள்' என்ற பெயர் நிலைத்ததும் நிஜம்.

ஆசிரியரான பிறகு அவருக்கு ஒரு தலைவலி வந்தது. அது பெரிய நடிகர்களால் வந்த தலைவலி. 'ஸ்பெஷல் நாடகம்' என்ற முறை பரவியிருந்த காலம் அது. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பபூன் இன்னோர் ஊர். எல்லாரும் மேடையில்தான் ஒருவரை ஒருவர் சந்திப்பார்கள். எழுதிக்கொடுத்த வசனத்தை யார் மதிப்பார்கள்? ஒருவரை ஒருவர் மடக்குவதும், சொந்தப் பாட்டை நுழைப்பதும், குடித்துவிட்டு வந்து நிற்பதும் சாதாரணமாகிவிட்டன. கேட்டால் கோபித்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள். நாடகம் எழுதிய மனிதர் என்ன செய்வார்?

சிறுவர்களைச் சேர்த்தார். சிறுவன் சொன்னதைக் கேட்பான், முழுப் பாடத்தையும் உருப்போடுவான், எதிர்த்துப் பேசமாட்டான். 1910-இல் 'சமரச சன்மார்க்க நாடக சபை', 1918-இல் மதுரையில் 'தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை'. பிறகு நாடெங்கும் பால சபைகள் முளைத்தன. ஜெகந்நாதய்யர் கம்பெனி, மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி, நவாப் ராஜமாணிக்கத்தின் தேவி பால விநோத சங்கீத சபை என்று சொல்லிக்கொண்டே போகலாம். சிறுவர்களுக்குச் சம்பளம் குறைவு என்பதும் முதலாளிமார்களுக்குத் தெரியாமல் போகவில்லை.

பால சபையில் ஒரு பையன் சேர்வது எப்படி? தகப்பனாரோ மாமனோ கையைப் பிடித்து அழைத்து வருவார். இத்தனை ஆண்டு, இவ்வளவு சம்பளம் என்று ஒப்பந்தம். சம்பளம் பெரும்பாலும் வீட்டுக்குப் போகும். சாப்பாடும் துணியும் கம்பெனியில். அன்றிலிருந்து கம்பெனி வீடுதான் வீடு. காலையில் எழுந்ததும் பாட்டுப் பயிற்சி, பிறகு வசனப் பாடம், ஒத்திகை. இரவு நாடகம். முடிந்து அரிதாரத்தைக் கலைத்துப் படுக்கும்போது கோழி கூவிவிடும். பாடம் தப்பினால் பிரம்பு பேசும். ஓர் ஊரில் வசூல் குறைந்தால் சாமான்களைக் கட்டிக்கொண்டு அடுத்த ஊர். தீபாவளி வந்தாலும் பொங்கல் வந்தாலும் அம்மா முகம் பார்க்க முடியாது. பண்டிகை நாளில்தானே வசூல் அதிகம்?

ஆறு வயதுப் பையன் ஒருவன் 1918-இல் இப்படித்தான் மதுரையில் சுவாமிகளிடம் வந்து சேர்ந்தான். தகப்பனார் கண்ணுசாமிப் பிள்ளை, ஸ்திரீபார்ட் போட்டுப் பெயர் வாங்கிய நடிகர். அண்ணன்மார் சங்கரன், முத்துசாமி இருவரும் கூடவே சேர்ந்தார்கள். அந்தச் சின்னப் பையன்தான் பிற்காலத்தில் 'ஔவை' சண்முகம் என்று பெயர் பெற்ற டி. கே. சண்முகம்.

சுவாமிகளுக்கு இந்தப் பையனிடம் தனி வாஞ்சை. ஒரு நாள் இரவு விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தாராம். விடிந்தபோது 'அபிமன்யு சுந்தரி' என்ற நாடகம் பாட்டும் வசனமுமாக முழுசாக முடிந்திருந்ததாம். அபிமன்யு வேஷம் சண்முகத்துக்கு. நான் ஒரு சிறுகதையின் முதல் வாக்கியத்துக்கு மூன்று நாள் பேனாவைக் கடித்துக்கொண்டு திரிகிறவன். இந்தச் செய்தியைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பொறாமையாக இருக்கும். கொஞ்சம் யோசித்தால் பொறாமை போய்விடும். ஒரு குழந்தை பேசப்போகும் வார்த்தைகளை ஒரு கிழவர் இரவெல்லாம் கண் விழித்து எழுதினார் என்றால், பிரம்பு பேசிய அந்த வீட்டில் அன்பும் இருந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்?

ஆனால் எவ்வளவு அன்பு இருந்தாலும், அந்த ஆறு வயதுக் குழந்தையை ஒருவரும், "உனக்கு இது பிடிக்கிறதா?" என்று கேட்டிருக்க மாட்டார்கள். கேட்கிற காலம் அது அல்ல.

1921-இல் சுவாமிகளைப் பக்கவாதம் தாக்கியது. எமனாகக் கர்ஜித்த குரல், நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குத் தமிழ் உச்சரிப்பைத் திருத்திய குரல், அடங்கிப்போயிற்று. 1922 நவம்பர் 13-ஆம் தேதி புதுச்சேரியில் காலமானார். மனைவி மக்கள் இல்லாத மனிதர். பால சபைப் பிள்ளைகள்தாம் அவருக்குப் பிள்ளைகள்.

பிள்ளைகள் வாங்கிய பாடம் வீண் போகவில்லை. 1925 மார்ச் 31-இல் டி. கே. எஸ். சகோதரர்கள் திருவனந்தபுரத்தில் 'மதுரை ஸ்ரீ பால சண்முகானந்த சபை' என்று சொந்தக் கம்பெனி தொடங்கிவிட்டார்கள். அன்று சண்முகத்துக்கு வயது பதின்மூன்று கூட நிறையவில்லை. எங்கள் நண்பரின் சின்னவன் வயதுதான்!

மற்றப் பிள்ளைகள்? தகப்பனாரை இழந்து, தாயாரோடும் அண்ணனோடும் கும்பகோணத்தில் வறுமையில் இருந்த பையன் ஒருவன், பசிக்குச் சோறு கிடைக்கும் என்று அண்ணன் சக்கரபாணியோடு ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்தான். பின்னாளில் தமிழ்நாட்டின் முதலமைச்சராக இருந்த எம். ஜி. ஆர். அவர். திருச்சியில் இன்னொரு பையன் கட்டபொம்மன் கூத்துப் பார்த்தான். நம் பாஞ்சாலங்குறிச்சிக் கட்டபொம்மன்தான். கயத்தாற்றில் 1799-இல் தூக்கில் தொங்கியவன். கூத்துப் பார்த்த பையனுக்கு நடிகனாக வேண்டும் என்று வெறி பிடித்துவிட்டது. யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் கம்பெனிக்குப் போய், தனக்குத் தாய் தகப்பன் இல்லை என்று பொய் சொல்லிச் சேர்ந்துவிட்டான். முதல் வேஷம் சீதை. அந்தப் பையன்தான் பிற்பாடு, 1959-இல், திரையில் கட்டபொம்மனாகவே வந்து நின்ற சிவாஜி கணேசன்.

தாயும் தகப்பனும் உயிரோடு இருக்கும்போது அநாதை என்று சொல்லிக்கொண்டுதான் ஏழு வயதுக் குழந்தை நாடகத்துக்குள் நுழைய வேண்டியிருந்தது. இதைப் படித்த அன்று எனக்கு இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. வீடு வேண்டுமா, மேடை வேண்டுமா? இரண்டும் வேண்டும் என்று கேட்க அந்தப் பிள்ளைகளுக்கு வழியில்லை.

இவர்கள் எல்லாம் வென்றவர்கள். வென்றவர்களின் பெயர் நமக்குத் தெரியும். தோற்றவர்கள்?

இந்த இடத்தில் 'மகரக்கட்டு' என்ற வார்த்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பையன்களுக்குப் பதின்மூன்று, பதினான்கு வயதில் குரல் உடையும். குயில் மாதிரிப் பாடிய பையன் ஒரு மாதத்தில் காகம் மாதிரி கத்துவான். இதற்குத்தான் மகரக்கட்டு என்று பெயர். நம் வீட்டில் இது நடந்தால் சிரித்துவிட்டு விடுகிறோம். பால சபையில் இது மரண ஓலை மாதிரி. பாட்டுத்தானே அன்றைய நாடகம்? நேற்றுவரை ராஜபார்ட் போட்டவன் இன்று சேவகன் வேஷத்துக்கு இறங்குவான். அல்லது திரை இழுப்பான். அல்லது ஊருக்கு ரயில் ஏறுவான். பதின்மூன்று வயது, படிப்பு இல்லை, வேறு தொழில் தெரியாது. போன இடத்தில் என்ன செய்தான் என்று எழுதி வைக்க யாரும் இல்லை.

எனக்கும் மகரக்கட்டு அனுபவம் உண்டு. பள்ளிக்கூடத்தில் எட்டாவது படிக்கும்போது ஆண்டுவிழாவில் அரிச்சந்திரா நாடகம். நான்தான் சந்திரமதி. மயான காண்டத்தில், லோகிதாசனை மடியில் போட்டுக்கொண்டு புலம்ப வேண்டும். இரண்டு மாதம் ஒத்திகை பார்த்த பாட்டு. வாயைத் திறந்தேன்; முதல் அடி பெண் குரலில் போயிற்று; இரண்டாவது அடியில் தொண்டைக்குள்ளிருந்து ஒரு முரட்டு ஆண் குரல் கிளம்பியது. மைதானமே கொல்லென்று சிரித்தது. செத்துக் கிடந்த லோகிதாசனும் என் மடியில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். நாடகம் பழக்கிய வாத்தியார் மேடைக்குப் பின்னால் என் காதைத் திருகி, "உன்னால் மானம் போச்சு" என்றார். மறு வருஷம் எனக்கு வேஷம் கிடையாது. திரை இழுக்கும் வேலைதான்.

அன்று இரவு அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. மிளகும் பனங்கற்கண்டும் தட்டிப் போட்டுப் பாலைக் காய்ச்சிக் கொடுத்தாள். குடித்துவிட்டுத் தூங்கிவிட்டேன். மறுநாள் வழக்கம்போலப் பள்ளிக்கூடம்.

வயது ஏறி, பால சபைகளின் வரலாற்றைப் படித்த பிறகுதான் அந்தப் பாலின் அருமை எனக்குத் தெரிந்தது. மேடையில் என் குரல் உடைந்தது. பால சபைப் பையனுக்கும் உடைந்தது. எனக்குப் போனது ஒரு சாயங்காலத்து மானம். அவனுக்குப் போனது சோறு. எனக்குத் திரும்பிப்போக ஒரு வீடு பக்கத்துத் தெருவில் இருந்தது. அவனுக்கு வீடு மூன்று ஜில்லா தள்ளி இருந்தது. அங்கே போனாலும் அவன் அனுப்பும் சம்பளத்தைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பொழுதுபோக்கு என்ற சொல்லை நாம் அலட்சியமாகச் சொல்கிறோம். 'பொழுதுபோக்குத்தானே' என்று இழுக்கிறோம். பிள்ளைகள் விஷயத்தில் அது எவ்வளவு பெரிய பாக்கியம்! பிடிக்காவிட்டால் அடுத்த வாரம் போகாமல் இருக்கலாம். குரல் உடைந்தால் பால் குடித்துவிட்டுத் தூங்கலாம். பாடம் தப்பினால் சிரிப்பார்கள்; அவ்வளவுதான். 1891-இல் சென்னையில் வக்கீல்களுக்கும் உத்தியோகஸ்தர்களுக்கும் கிடைத்த அந்தச் சுதந்திரம், நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு வந்து சேர ரொம்பக் காலம் பிடித்தது.

பால சபைகளின் காலம் மெல்ல மெல்ல முடிந்தது. 1931-இல் 'காளிதாஸ்' வந்து தமிழ் சினிமா பேசத் தொடங்கியது. கூட்டம் கொட்டகை மாறியது. நடிகர்களும் மாறினார்கள். 1933-இல் குழந்தைகளின் உழைப்பை அடகு வைக்கும் ஒப்பந்தங்கள் செல்லாது என்று ஒரு சட்டம் வந்தது. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-இல் வந்தது; 2016-இல் அதைத் திருத்தினார்கள். திருத்திய சட்டப்படி கலைத்துறையில் குழந்தைகள் நடிக்கலாம். ஆனால் படிப்புக் கெடக் கூடாது. அதையொட்டி வந்த விதிகள், நாளுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓய்வில்லாமல் வைத்திருக்கக் கூடாது, வருமானத்தில் நூற்றுக்கு 20-க்குக் குறையாமல் குழந்தையின் பேரில் பாங்கியில் போட வேண்டும் என்கின்றன. குழந்தையின் சம்மதம் இல்லாமல் நடிக்க வைக்கக் கூடாது என்றும் இருக்கிறது. ஏட்டில் உள்ளபடி எல்லா இடத்திலும் நடக்கிறதா என்பது வேறு விஷயம். ஆனால் "உனக்கு இது பிடிக்கிறதா?" என்று ஒருவரும் கேட்காத கேள்வியைக் கேட்கும்படி சட்டமாவது சொல்லிவிட்டதே!

சுவாமிகள் காலமான புதுச்சேரியில், பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளிக்கு இன்று அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். நாடகத்தைப் பட்டப் படிப்பாகவே அங்கே படிக்கிறார்கள். உப்புக் கணக்கருக்கு இதைவிடப் பெரிய மரியாதை வேண்டியதில்லை.

நண்பரிடம் நான் கடைசியாகச் சொன்னது இதுதான்: "உங்க அம்மாவுக்குக் கூத்தாடி என்றால் பயம். அந்தப் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. நாடகத்துக்குப் பிள்ளையை விட்டால் பிள்ளை திரும்பி வராது என்று கண்ட தலைமுறையின் பேச்சு அது. நடித்ததால் யாரும் கெட்டுப் போகவில்லை. வீட்டை விட்டுப் பிரித்ததால்தான் கெட்டார்கள். உம்ம பையன் சனிக்கிழமை ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுவான். தைரியமாக விடும்."

"வசனம் மறந்து கூட்டத்துல அசிங்கப்பட்டான்னா, அண்ணாச்சி?"

"பனங்கற்கண்டு கடையில் கிடைக்கிறது" என்றேன். அவருக்கு அது விளங்கவில்லை. சந்திரமதி கதையைச் சொன்னேன். வாய்விட்டுச் சிரித்துவிட்டு எழுந்து போனார்.

பையன் சேர்ந்துவிட்டான். காந்தி ஜெயந்திக்கு ஒரு சின்ன நாடகம் போட்டார்கள். நானும் போயிருந்தேன். அவனுக்குக் கிடைத்தது வாயில் காவலன் வேஷம். "உத்தரவு மகாராஜா" என்பதைத் தவிர வேறு வசனம் கிடையாது. அதையும் மகாராஜா கூப்பிடுவதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டான். சபை சிரித்தது, பையனும் சிரித்துவிட்டான். முன் வரிசையில் அவனுடைய பாட்டி உட்கார்ந்திருந்தாள். 'கூத்தாடி' என்று புலம்பிய அதே பாட்டிதான். பக்கத்திலிருந்தவளிடம், "எம் பேரன்தான், என்னா நிமிர்ந்து நிக்கான் பாரு!" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

நாடகம் முடிந்ததும் தகப்பனார் மோட்டார் சைக்கிளைக் கிளப்பினார். பையன் முகத்து வர்ணத்தைக்கூடச் சரியாகத் துடைக்காமல் பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டான். உப்பளப் பாதை வழியாக அவர்கள் வீட்டை நோக்கிப் போவதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். ஊர் ஊராகச் சுற்றி, விடிகிற நேரத்தில் ஏதோ ஒரு கம்பெனி வீட்டுத் தரையில் சுருண்டு படுத்த அந்தப் பழைய பிள்ளைகள் என் நினைவுக்கு வந்தார்கள்.